வானில் புரியாத வெளிச்சமா? ராணுவம் விசாரிக்கும் முறையில் பெங்களூரு மொட்டை மாடியிலிருந்து துப்புத் துலக்க ஒரு வழிகாட்டி

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கின் பாங்காங் ஏரிப் பக்கம் காவல் இருந்த நம் ராணுவத்தினர், இனம் தெரியாத ஒளிகளை 329 முறை பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். அதில் 155 முறை அவை அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்ததாகக் கணக்கு. சீன உளவு ட்ரோன் என்று சந்தேகம். ரேடாரைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள், எதுவும் சிக்கவில்லை. ரேடியோ அலைகளை அலசும் கருவியிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் கூப்பிட்டது, நம்ம கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆட்களை. அவர்கள் சொன்ன விடை: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி.

செய்தி வெளிவந்தபோது ஊரே சிரித்தது. சிரிக்க இதில் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. அந்த 2012 டிசம்பரில்தான் வியாழன் வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்து இரவு முழுக்க ஜொலித்தது. வெள்ளியோ அந்த மாதங்களில் விடியற்காலையில் கிழக்கே எழுந்துகொண்டிருந்தது. பாங்காங் ஏரி 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று மெல்லியது, தூசி கிடையாது, ஊர் வெளிச்சமும் கிடையாது. கிழக்கே சீனப் பக்கம் மலைக்குப் பின்னாலிருந்து எழுந்து, மெதுவாக மேற்கே நம் பக்கம் நகர்ந்தால், காவலுக்கு நிற்பவர் அதை ஊடுருவல் என்றுதான் எழுதுவார். எழுத வேண்டியது அவர் கடமை. அந்த ஒளி எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், எத்தனை மணிக்கு, பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை ஒட்டி எப்படி நகர்ந்தது என்பதைக் குறிக்கச் சொல்லித்தான் விஞ்ஞானிகள் விடையைப் பிடித்தார்கள். ரேடாரால் முடியாததை ஒரு நோட்டுப் புத்தகம் முடித்தது.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நோட்டைப் பற்றித்தான். அல்சூரோ ஸ்ரீராமபுரமோ ஒயிட்ஃபீல்டோ, உங்கள் மாடியிலிருந்து ஒரு புரியாத வெளிச்சத்தைப் பார்த்தால் என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்று பார்ப்போம்.

முதல் ஐந்து நிமிடம்: பெயர் வைக்காதீர்கள், அளந்து வையுங்கள்

"ட்ரோன்" என்று வாயில் வந்துவிட்டால் அப்புறம் கண் ட்ரோனைத்தான் பார்க்கும். அதனால் முதலில் போனில் மணியைப் பாருங்கள், நிமிடம் வரை எழுதுங்கள். இதைச் செய்யாமல் பத்து நிமிடம் வாய் பிளந்து பார்த்துவிட்டு, பிறகு "ஒரு ஒன்பது ஒன்பதரை இருக்கும்" என்று எழுதினால் அந்தக் குறிப்பால் எந்தப் பயனும் இல்லை. விமானமும் செயற்கைக்கோளும் நிமிடக் கணக்கில் இடம் மாறுபவை.

அடுத்து திசை. போனில் இருக்கும் திசைகாட்டி போதும். ஆனால் இரும்புக் கைப்பிடி, லிஃப்ட் மோட்டார் ரூம் பக்கத்தில் நின்று பார்த்தால் அது தாறுமாறாகக் காட்டும். மாடியின் நடுவுக்கு வந்து, போனை எட்டு போட்டு ஆட்டிவிட்டு டிகிரியைக் குறியுங்கள். கூடவே "எதிர் அபார்ட்மென்ட் டேங்குக்கு இடப்பக்கம்" என்று ஒரு அடையாளமும் எழுதினால், நாளை பகலில் நிதானமாகச் சரிபார்க்கலாம்.

உயரத்தை அடியிலோ கிலோமீட்டரிலோ எழுதாதீர்கள். இருட்டில் தனியாகத் தெரியும் ஒரு புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. அனுபவமுள்ள விமானிகளே இதில் ஏமாந்திருக்கிறார்கள். எழுத வேண்டியது அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி என்பது. அதற்குக் கையே கருவி. கையை நன்றாக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்த ஒரு சாண் 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. முழு நிலாவே அரை டிகிரிதான் இருக்கும். "நிலா சைஸுக்கு இருந்தது" என்று யாராவது சொன்னால் சுண்டுவிரலை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

பிறகு, அது நிஜமாகவே நகர்கிறதா? இருட்டில் ஒற்றைப் புள்ளியை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஊசலாடுவதுபோல், சட்டென்று விலகுவதுபோல் தெரியும். நகர்வது புள்ளி இல்லை, நம் கண். சுவரில் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு ஆன்டெனாக் கம்பியின் ஓரத்தில் அந்த ஒளியைப் பொருத்திப் பாருங்கள். நாலு நிமிடத்தில் 1 டிகிரி மேற்காகச் சரிந்தால் அது பூமி சுற்றும் வேகம். அப்படியானால் உங்கள் வழக்கு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

கேமராவை நம்புவதில் ஒரு அளவு வேண்டும்

எல்லோரும் முதலில் செய்வது ஜூம் போட்டு வீடியோ எடுப்பது. அங்கேதான் நிறைய வேற்றுக்கிரகக் கப்பல்கள் பிறக்கின்றன. ஃபோகஸ் கிடைக்காத ஒரு புள்ளி, லென்ஸுக்குள் இருக்கும் துளையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு வட்டத் தட்டாகவோ வைரமாகவோ ஊதிக்கொள்ளும். கேமரா ஃபோகஸைத் தேடும்போது அது துடிக்கும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி அதைக் குதிக்க வைக்கும். அமெரிக்கக் கடற்படையினர் எடுத்த ஒரு வீடியோவில் பச்சை முக்கோணங்கள் வானில் மிதந்தன. 2022 மே மாதம் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு முன் அதிகாரிகள் தந்த விளக்கம்: இரவு பார்வைக் கண்ணாடி வழியாக வந்த ஒளியை இன்னொரு கேமரா பதிவு செய்ததால் வந்த வடிவம் அது.

உபயோகமான படம் எடுக்க வேண்டுமென்றால் ஜூமைத் தொடாதீர்கள். போனைக் கைப்பிடிச் சுவர் மேல் சாய்த்து வைத்து, ஒரு கட்டடத்தின் ஓரமும் சட்டத்துக்குள் வரும்படி அகலமாக எடுங்கள். நிமிடத்துக்கு ஒன்று. பார்க்க அழகாக இருக்காது. அந்தக் கட்டட ஓரத்தை வைத்துப் பின்னால் திசையையும் உயரத்தையும் கணக்கிட முடியும், அதுதான் வேண்டியது.

நீங்கள் பார்க்காமல் வேறொருவர் பார்த்திருந்தால்

ராணுவ விசாரணையானாலும் அபார்ட்மென்ட் விசாரணையானாலும் பாதி வேலை சாட்சியிடம் பேசுவதுதான். "ட்ரோனா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று பதில் வரும். பெரிதாகவா, சிவப்பாகவா என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இரவு டியூட்டி பார்க்கும் காவலாளியிடம் பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணே, என்ன பார்த்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"வெளிச்சம் சார். பெருசா, வெள்ளையா. அப்படியே நின்னுச்சு."

"அப்போ டீக்காரர் வந்துட்டாரா?"

"வந்துட்டுப் போயிட்டாரு. நாலரை தாண்டியிருக்கும்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கேட்டுகிட்ட, இந்தச் சேர்லதான். எதிர் டேங்குக்கு மேல ஒரு சாண்."

"எப்போ மறைஞ்சது?"

"மறையல சார். பால் வண்டி வந்தப்பவும் இருந்துச்சு. விடிய விடிய மங்கிப்போச்சு."

நேரத்தை மணியாகக் கேட்காமல் டீ, பால் வண்டி என்று அவருடைய இரவின் ஒழுங்கில் கேட்டதால் பதில் துல்லியமாக வந்தது. இப்போது நீங்கள் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து, டேங்கின் திசையை எடுத்து, ஒரு சாணைக் கூட்டி எழுத வேண்டியதுதான். டேங்க் கிழக்கே இருந்தால், மணிக்கணக்கில் நின்றது, விடிந்ததும் மங்கியது: விடிவெள்ளி என்று இங்கேயே முக்கால்வாசி தெரிந்துவிடுகிறது.

கழித்துக்கொண்டே வருதல்

குறிப்பு கையில் வந்தபின் ஒவ்வொரு சாத்தியத்தையும் கழிக்க வேண்டும். வரிசை முக்கியம். சாதாரணமானதில் தொடங்குங்கள்.

கோள்களும் நட்சத்திரங்களும் முதலில். ஸ்டெல்லேரியம் போன்ற செயலியில் இடம் பெங்களூரு என்று வைத்து, நேரத்தைப் பார்த்த நிமிடத்துக்குப் பின்னோக்கி நகர்த்துங்கள். நீங்கள் குறித்த திசையில், குறித்த டிகிரியில் ஏதாவது பிரகாசமாக இருக்கிறதா? சூரியனையும் நிலாவையும் விட்டால் வானிலேயே அதிக ஒளி வெள்ளிக்குத்தான். அதற்கடுத்து பெரும்பாலும் வியாழன். சிரியஸ் நட்சத்திரம் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னும். விளக்கு மாற்றும் ட்ரோன் என்று சத்தியம் செய்வார்கள். குளிர்காலத்தில் தெற்கே தாழ்வாகத் தெரியும் அகத்திய நட்சத்திரமும் நகரப் புகை வழியாகப் பார்த்தால் இதே வேலையைக் காட்டும். 2024 கடைசியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி பக்கம் ட்ரோன் பீதி கிளம்பியபோது, மேரிலாந்து மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஒருவர் தன் வீட்டுக்கு மேல் ட்ரோன் கூட்டம் என்று வீடியோ போட்டார். அதில் இருந்தது மிருகசீரிடமும் நம்ம திருவாதிரையும் சேர்ந்த ஓரியன் நட்சத்திரக் கூட்டம். அந்தப் பீதியில் அவர்கள் மத்தியப் புலனாய்வு அமைப்புக்கு 5,000-க்கும் மேல் தகவல்கள் வந்தன. மேற்கொண்டு துருவத் தகுந்தவை ஏறக்குறைய 100-தான்.

செயலி இல்லாமலும் சரிபார்க்கலாம். அடுத்த இரவும் அதே இடத்தில் நில்லுங்கள். நட்சத்திரம் என்றால் முந்தின நாளைவிட 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வரும். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடும். வியாழன், சனி போன்ற தொலைவுக் கோள்களும் கொஞ்சம் கூடக் குறைய இதே போக்கில்தான் போகும். எந்த ட்ரோன் ஓட்டுநரும் தினம் 4 நிமிடம் முன்னதாகக் கிளம்ப மாட்டார். 329 பதிவுகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் தெரியக்கூடிய இந்தச் சரிவு, ஒவ்வொன்றையும் தனித்தனி ஊடுருவலாகப் பார்த்தவரை கண்ணில் படாது.

அடுத்து விமானங்கள். பெங்களூரில் இதுதான் பெரிய தலைவலி. தேவனஹள்ளி விமான நிலையம், எலஹங்கா விமானப்படைத் தளம், பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலையம் மூன்றிலும் ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகத்தான் கிடக்கிறது. தரையிறங்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு உங்களை நோக்கி வரும் விமானம் சில நிமிடங்கள் அசையாத வெள்ளை ஒளியாகவே நிற்கும். சத்தமும் வராது. திரும்பியதும் அந்த ஒளி பட்டென்று அணைந்ததுபோல் ஆகிவிடும். "நின்னுச்சு, திடீர்னு மறைஞ்சுடுச்சு" என்பது பெரும்பாலும் இதுதான். இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை, அத்துடன் மினுக்கும் விளக்குகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் சில நாட்கள் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம்.

அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. போர் விமானங்களும் சோதனை விமானங்களும் அந்தத் தளத்தில் எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது. தேஜஸ் போர் விமானம் பறப்பதும், டி.ஆர்.டி.ஓ.வின் பல ஆய்வகங்கள் இருப்பதும் இதே ஊரில்தான். தளத்தில் காணோம் என்பதால் அது விமானமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ராணுவங்களுக்குள்ளேயே ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாமல் போவதுண்டு. 1948 ஜனவரி 7 அன்று தாமஸ் மான்டெல் என்ற அமெரிக்க விமானி, வானில் தெரிந்த ஒரு பொருளைத் துரத்திக்கொண்டு மேலே மேலே ஏறி, விமானம் விழுந்து இறந்தார். அவர் துரத்தியது கடற்படையின் ரகசிய ஸ்கைஹூக் பலூனாக இருக்கலாம் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

செயற்கைக்கோள் என்றால் மினுக்காது, ஒரே சீராகப் போகும், நாலைந்து நிமிடத்தில் வானைக் கடக்கும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் நடுவானிலேயே மங்கி மறையும். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கி.மீ. உயரத்தில் போகிறது, நல்ல இரவில் வியாழனைவிடப் பிரகாசமாகவே தெரியும். புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போகும். ஹெவன்ஸ் அபவ் தளத்தில் உங்கள் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் பட்டியல் வந்துவிடும்.

ராக்கெட்டும் ஏவுகணையும் கொஞ்சம் அரிது, ஆனால் வந்தால் ஊரையே கூட்டிவிடும். 2022 டிசம்பர் 15 மாலை அக்னி 5 சோதனையின்போது வங்காளம் வரை மக்கள் விசித்திர ஒளியைப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேச வானில் எரிந்துகொண்டே போனது ஒரு சீன ராக்கெட்டின் மிச்சம். அதன் உலோக வளையம் சந்திரபூர் மாவட்டத்தில் விழுந்தது. எரிகல் என்றால் ஓரிரு நொடியில் முடிந்துவிடும். ராக்கெட் குப்பை நிதானமாக, துண்டு துண்டாகச் சிதறிக்கொண்டே அரை நிமிடத்துக்கு மேல் போகும். ஸ்ரீஹரிகோட்டாவில் இரவில் ஏவுதல் இருந்தால், வானம் தெளிவாக இருக்கும்பட்சத்தில் இங்கிருந்தே கிழக்குப் பக்கம் தாழ்வாக ஒரு நெருப்புப் புள்ளி ஏறுவதைப் பார்க்கலாம்.

மிச்சம் இருப்பவை சில்லறை விஷயங்கள். தீபாவளி, புத்தாண்டு சமயம் பறக்கவிடும் காகித விளக்குகள் ஆரஞ்சு நிறத்தில், சத்தமில்லாமல், காற்றின் போக்கில் போய்ச் சில நிமிடத்தில் அணையும். காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஆடிக் காற்றில் கிழக்கே போகும், மார்கழியில் பெரும்பாலும் மேற்கே. மேகத்தில் வட்டமடிக்கும் வெளிச்சம் ஏதோ ஒரு மால் அல்லது பப்பின் விளக்கு. மூடுபனியில் அந்தரத்தில் தொங்கும் சிவப்புப் புள்ளி கட்டுமான கிரேன். பெரிய ஆய்வு பலூன்கள் ஹைதராபாத்தில் இருந்து கிளம்புகின்றன. 2022 டிசம்பரில் அப்படி ஒன்றில் போன வெள்ளைக் கூண்டு விகாராபாத் பக்கம் வயலில் இறங்கி, கிராமமே வேடிக்கை பார்க்கக் கூடியது.

இரண்டாவது ஆள்

இத்தனைக்குப் பிறகும் விடை வரவில்லையா? வேறு பகுதியில் இருக்கும் நண்பருக்கு உடனே போன் போடுங்கள். நீங்கள் அல்சூரில், அவர் ஒயிட்ஃபீல்டில் என்றால் நடுவில் தோராயமாக 15 கி.மீ. இருவரும் ஒரே நிமிடத்தில் திசையையும் உயரத்தையும் எடுக்க வேண்டும். கோள் என்றால் இருவருக்கும் ஒரே எண்தான் வரும். 500 கி.மீ. தள்ளி இருக்கும் செயற்கைக்கோள் என்றால் அதிகபட்சம் 2 டிகிரிக்குள் வித்தியாசம், கையால் அளந்தால் அது தெரியவே தெரியாது. விமானம் என்றால் பத்து, இருபது, நாற்பது டிகிரி என்று தெளிவாக விலகும். ட்ரோன் என்றால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. கோணம் பார்க்கும் ஒரு அரைவட்டமும் பள்ளிக்கூடக் கணக்கும் இருந்தால், விலகும் அளவிலிருந்து தூரத்தையே கண்டுபிடிக்கலாம். இதுவரை சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செலவு ஒரு போன் கால்தான்.

முடிவை எழுதுவது எப்படி

பிரெஞ்சு விண்வெளி நிறுவனத்துக்குள் ஜெபான் (GEIPAN) என்ற சிறு பிரிவு 1977 முதல், ஆரம்பத்தில் சற்று வேறு பெயரில், இந்த வேலையைச் செய்துவருகிறது. அவர்கள் வைத்திருக்கும் நான்கு தரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உறுதியாகத் தெரிந்துவிட்டது என்றால் ஏ. பெரும்பாலும் இதுதான் என்றால் பி. தகவல் போதாது என்றால் சி. நல்ல தகவல் இருந்தும், முழுதாக விசாரித்தும் விளங்கவில்லை என்றால் டி.

சியையும் டியையும் குழப்பிக்கொள்வதில்தான் எல்லா மர்மக் கதையும் ஓடுகிறது. மணி தெரியாத, திசை தெரியாத, ஆடிய வீடியோ மட்டும் இருக்கும் வழக்கு எப்போதும் சிதான். எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் டி ஆகாது. அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை ப்ளூ புக் என்ற பெயரில் விசாரித்துத் தொகுத்த கணக்கில் 12,618 வழக்குகள் இருக்கின்றன. அதில் 701 இனங்காணப்படாமலே மூடப்பட்டன. அந்த 701-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களிடம், அதில் எத்தனை சி, எத்தனை டி என்று கேட்டுப் பாருங்கள்.

யாரிடம் சொல்வது, எதைச் செய்யக் கூடாது

விமான நிலையம் அல்லது படைத்தளம் பக்கம் தாழ்வாக ட்ரோன் பறப்பது உறுதியாகத் தெரிந்தால் காத்திருக்காதீர்கள், 112-க்குச் சொல்லுங்கள். எழுதி வைத்த மணி, திசை, அடையாளம் மூன்றையும் வரிசையாகச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு வேலை எளிது. இப்படிப்பட்ட தகவலை அதிகாரிகள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்தின் மேல் ஏதோ தெரிந்ததாகச் சொன்னதும் விமானங்களை நிறுத்தினார்கள், திருப்பி விட்டார்கள். விமானப்படை தன் வான் பாதுகாப்பு ஏற்பாட்டையே முடுக்கிவிட்டது. அந்தச் சிறு பொருள் அதன்பின் தென்படவில்லை. ஒரு தகவலுக்கு அவ்வளவு செலவு உண்டு, அதனால் வெள்ளியைப் பார்த்துவிட்டு அந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள்.

பச்சை லேசரை அடித்துப் பார்க்கும் பழக்கம் பையன்களிடம் இருக்கிறது. விமானியின் கண்ணில் பட்டால் விபரீதம், சட்டப்படியும் குற்றம். உங்கள் சொந்த ட்ரோனைப் பின்னாலேயே அனுப்புவதும் கூடாது. 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிட முடியாது, மண்டல வரைபடம் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருக்கிறது. ஒளியைப் படமெடுக்கும் சாக்கில் எலஹங்கா, ஜாலஹள்ளி தளங்களின் மதில் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். எல்லையில் பதற்றம் நிலவும் நாட்களில், படை நடமாட்டம்போல் தெரியும் எதையும் வாட்ஸ்அப்பில் பரப்பவும் கூடாது.

கோள், விமானம், செயற்கைக்கோள், ராக்கெட் நான்கும் கழிந்து, இரண்டு பேருடைய அளவும் கையில் இருந்து, இன்னும் டியில் நிற்கும் வழக்கு கிடைத்தால், ஹை கிரவுண்ட்ஸில் இருக்கும் ஜவஹர்லால் நேரு கோளரங்கத்தில் போய்க் கேளுங்கள். வீடியோவை மட்டும் நீட்டாமல் நோட்டையும் கொண்டுபோங்கள். முதலில் அவர்கள் கேட்கப்போவது மணியும் திசையும்தான்.